மேல்கடுக்காம்பட்டியின் நகரும் படிக்கட்டு

“பேங்ங்ங்...!”

மலையடிவாரத்திலிருந்து கிளம்பிய அலறல் சரிவில் மோதித் திரும்பி வந்தது. கோழிகள் புதருக்குள் பாய்ந்தன. வண்டிக்கார முனியனின் மாடுகள் கயிற்றை அறுக்கப் பார்த்தன. மரவள்ளிக் குச்சிகளைக் கட்டிக்கொண்டிருந்த செல்லமுத்து எழுந்து நின்று கீழே எட்டிப் பார்த்தான். அலறல் ஓய்ந்ததும் ஒரு பெண் குரல் கணீரென்று அறிவித்தது.

“அன்பார்ந்த குடிமக்களே! தங்கள் பகுதியின் காற்று தற்சமயம் சுவாசிக்க உகந்த நிலையில் உள்ளது. நன்றி.”

வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பாப்பாத்தி புருஷனைப் பார்த்தாள்.

“கேட்டியாயா? எந் தங்கச்சி ஊர்ல மூச்சு வுடறதுக்கே ஆர்டர் போட்டுச் சொல்றாங்க. நம்ம ஊர்லதான் கேட்பாரில்லாம வுட்டுக்கினு கெடக்கறோம்.”

செல்லமுத்துவின் வயிறுதான் பதில் சொன்னது. கீழ்கடுக்காம்பட்டியில் ஸ்மார்ட் கம்பம் நட்டதிலிருந்தே அந்த வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

கல்வராயன் மலையின் ஓரத்தில் கீழ்கடுக்காம்பட்டி சமவெளியில் இருக்கிறது. மேல்கடுக்காம்பட்டி சரிவில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே மழை, ஒரே மரவள்ளிக் கிழங்கு. இரண்டு ஊரிலும் செல்போன் சிக்னல் இல்லை. அதனால் பகையும் இல்லை. திடீரென்று கீழ ஊருக்கு ஒரு கம்பம் வந்தது. அதில் விளக்கு, ஒலிபெருக்கி, கேமரா, வைஃபை, காற்றை அளக்கும் பெட்டி எல்லாம் இருந்தன. மின்சாரக் காருக்கு சார்ஜ் ஏற்றும் துளைகூட இருந்தது. ஊரில் கார் இல்லாததால் செல்லமுத்துவின் சகலை வெங்கடேசன் வீட்டு மிக்ஸியை அதில் செருகி சட்னி அரைப்பதாகக் கேள்வி. பாப்பாத்தியின் தங்கை ஜெயசுதாவைக் கட்டியவன் அவன்.

வெங்கடேசன் அதோடு நிறுத்தவில்லை. தினமும் கம்பத்தின்கீழ் நின்று, “காலை வணக்கம் சகல! நாங்க ஸ்மார்ட்டா இருக்கறோம், நீங்க எப்படி?” என்று வீடியோ எடுத்து அனுப்பினான். செல்லமுத்து தினமும் பேச்சுப்பாறை மீது மூச்சிரைக்க ஏறி, சிக்னல் பிடித்து, அந்த வீடியோவைப் பார்த்து, வயிறெரிந்து இறங்கி வந்தான். பார்க்காமல் இருக்கலாம்தானே என்று முனியன் ஒருமுறை கேட்டான். பார்க்காவிட்டால் வயிறு எப்படி எரியும் என்று செல்லமுத்து திருப்பிக் கேட்டான்.

பேச்சுப்பாறை மேல ஊரின் தலைமாட்டில் இருந்தது. அதன் உச்சியில் மட்டும் சிக்னல் கிடைக்கும். யாராவது ஏறிப் பேசினால் அடுத்து நிற்பவர் முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அரிசி போடும் நாளில் ரேஷன் கடை ரம்யா பில் மிஷினை மார்போடு அணைத்துக்கொண்டு பாறை உச்சியில் குடை பிடித்து உட்காருவாள். ஊரே வரிசையாக ஏறி அங்கே விரல் வைத்துவிட்டு, இறங்கி வந்து கடையில் அரிசி வாங்கும்.

செல்லமுத்துவின் கஷ்டம் இங்கேதான் இருந்தது. வருஷக்கணக்காக மரவள்ளி பிடுங்கியதில் அவன் விரல்கள் கூழாங்கல்போல வழவழத்துவிட்டன. அவன் எந்த விரலை வைத்தாலும் மிஷின் அவனை ஆள் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. பாப்பாத்தியின் கட்டைவிரலை உடனே ஒப்புக்கொண்டது. ஆனால் பாப்பாத்தி வரப்பில் வழுக்கி முட்டியை உடைத்துக்கொண்டவள். வீட்டுக்கும் வாசலுக்கும் நடப்பாள். பாறை ஏற மாட்டாள். கார்டில் இருந்தது இவர்கள் இருவர் மட்டுமே. ஆகவே மாதாமாதம் செல்லமுத்து அவளை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு பாறை ஏறினான். அவள் முதுகில் இருந்தபடியே, “எந் தங்கச்சி இந்நேரம் கம்பத்தாண்ட நின்னுக்கினே விரல வெச்சிட்டு, சோறே ஆக்கியிருப்பா” என்று காதில் ஓதிக்கொண்டு வருவாள். அவள் கனத்தைவிட அந்தப் பேச்சு கனத்தது.

சிக்னல் ரேஷன் கடைவரை இறங்கி வந்தால் போதும். முதுகும் மிஞ்சும், மானமும் மிஞ்சும். செல்லமுத்து வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினான்.

உலகத்தர ஊர் ஒப்பீட்டுப் பிரிவு, ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இயங்கியது. சுவர் முழுக்க உலக வரைபடம். ஒப்பீட்டு அலுவலர் தீனதயாளனின் மேசைக் கண்ணாடிக்கு அடியில், சாமி படம் வைக்க வேண்டிய இடத்தில், ஒரு சாக்லேட் காகிதம் தட்டையாக ஒட்டப்பட்டிருந்தது.

“சார், எங்க ஊருக்கு ஒரு கம்பம் வேணுங்க. கீழ ஊர்ல நட்டாங்களே, அதே மாதிரி. கொஞ்சம் ஒசரமா இருந்தாலும் பரவால்லீங்க.”

“யாருக்கும் சும்மா கம்பம் கொடுக்க மாட்டோம். முதல்ல உங்க ஊரை உலகத்தோட ஒப்பிடணும். கீழ்கடுக்காம்பட்டி ஐரோப்பா மண்டலத்துல பார்சிலோனாவோட மோதிச்சு. கம்பம் வந்துச்சு.”

“பார்சிலோனான்றது எந்தப் பக்கங்க? திருநாவலூர் தாண்டியா?”

“எல்லாத்தையும் தாண்டி.” தீனதயாளன் பெருமூச்சு விட்டார். “சிங்கப்பூர்ல தெருவிளக்கு ஆளைப் பார்த்து எரியுமாம். நான் பார்த்ததில்ல. எங்க பிரிவுலேர்ந்து ஒருத்தரைத்தான் அனுப்புவாங்கன்னாங்க, அரங்கநாதன் போனார். என்னைவிட ஜூனியர். பதினைந்து ஊர் ஒப்பிட்டவன் நான், அவர் ரெண்டு ஊர் ஒப்பிட்டார். போய்ட்டு வந்து எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். அதுவும் உருகிப்போனது.” அவர் விரல் கண்ணாடிமேல் காகிதத்தைத் தடவியது. “அன்னிக்கே முடிவு பண்ணினேன். உலகத்துல எந்த ஊர் நல்லா இருக்குன்னு கண்டுபிடிக்கிறது நம்ம வேலை இல்ல. எந்த ஊரும் நம்மளவிட நல்லா இல்லைன்னு நிரூபிக்கிறதுதான் வேலை.”

செல்லமுத்துவுக்கு அது முழுசாகப் புரிந்தது. அரசாங்க அலுவலகத்தில் ஒரு பேச்சு முழுசாகப் புரிவது அவனுக்கு அதுவே முதல் தடவை.

“சார், எங்க ஊரு கீழ ஊர வுட ஜாஸ்தி மார்க் எடுக்குமுங்க. நீங்க வந்து பாருங்க.”

“வர்றேன். ஒண்ணையும் மறைக்காதீங்க. இருக்கிறதை எல்லாம் பெருசா காட்டணும்.”

“பெருசாவே காட்டிடறங்க.”

அந்த வாரக் கடைசியில் தீனதயாளன் ஜீப்பில் வந்தார். பாதை முடிந்த இடத்தில் இறங்கி, கையில் ஒரு டேப்லெட்டுடன் வியர்வை வழிய நடந்து வந்தார். ஊரே குளித்துத் தலைவாரிக் காத்திருந்தது. செல்லமுத்து முன்னால் ஓடினான்.

“முதல் தலைப்பு, கண்காணிப்பு. லண்டன்ல தெருவுக்குத் தெரு கேமரா. இங்க எத்தனை கேமரா?”

“கேமரா இல்லீங்க. ஆண்டாளு இருக்குது.”

குழாயடியில் குடத்தோடு நின்றிருந்த ஆண்டாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். “சாரு வர்ற வழியில சின்னசேலத்துல புரோட்டா சாப்ட்டாரு. சால்னா ரெண்டு வாட்டி வாங்குனாரு. அப்பால மாமரத் திருப்பத்துல வண்டிய நிறுத்தி, மரத்துக்கு அந்தாண்ட போய்...”

“போதும்மா, போதும்!” தீனதயாளன் அவசரமாகக் குறித்துக்கொண்டார். “நேரலை. ஒலியும் உண்டு. லண்டனைத் தாண்டியாச்சு.”

அடுத்தது பணமில்லாப் பரிவர்த்தனை. கிழக்கு ஆப்பிரிக்காவில் நைரோபி மக்கள் செல்போனிலேயே கொடுக்கல் வாங்கலை முடித்துவிடுகிறார்கள் என்று அவர் விளக்கினார். மேல்கடுக்காம்பட்டியில் கடுக்காயைக் கொடுத்துக் கருவாடு வாங்குவார்கள் என்று செல்லமுத்து விளக்கினான். “போனே தேவையில்லாத பரிவர்த்தனை. நைரோபி இன்னும் போனைப் பிடிச்சிட்டுத் தொங்குது” என்று தீனதயாளன் எழுதினார்.

அப்போது வண்டிப் பாதையில் முனியனின் மாட்டுவண்டி வந்தது. வண்டிக்குள் முனியன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். மாடுகள் நிதானமாக வந்து, வேப்பமரத்தைச் சுற்றித் திரும்பி, அவன் வீட்டு வாசலில் சரியாக நின்றன. தீனதயாளன் கண்கள் கலங்கின.

“ஓட்டுநர் இல்லா வாகனம்! அமெரிக்காவுலகூட இதுக்கு ஊர் ஊரா சோதனை நடக்குது.”

“அவன் தெனம் அப்பிடித்தான் சார் வருவான்” என்றான் செல்லமுத்து. “சாராயம் குடிச்சாக்கூட மாடு குடிக்காது.”

கடைசியாகப் பேச்சுப்பாறை. வடக்கு ஐரோப்பாவில் தாலின் என்ற ஊரில், அரசாங்கத்தின் அத்தனை சேவையும் இருந்த இடத்திலேயே கிடைக்கும் என்றார் தீனதயாளன். எங்களுக்கும் ஒரே இடத்தில்தான் கிடைக்கும், அது இந்தப் பாறை உச்சி என்றான் செல்லமுத்து. அது சமநிலை என்று தீர்ப்பானது.

“சரி, செங்குத்துப் போக்குவரத்து. தென் அமெரிக்காவுல மெடலின்னு ஒரு மலை ஊர். மேட்டுல குடியிருக்கிற ஏழை ஜனங்க ஏறிப்போக அரசாங்கமே நகரும் படிக்கட்டு போட்டுக் கொடுத்திருக்கு. நின்னா போதும், அதுவே மேல கொண்டுபோகும்.”

யாரென்றே தெரியாத அந்த ஊர்ப் பெண்கள் கூடையோடு ஜம்மென்று மேலே மிதந்து போவது செல்லமுத்துவின் கண்முன் தெரிந்தது. இதுவரை வெங்கடேசன் அளவில் இருந்த வயிற்றெரிச்சல் ஒரே நொடியில் கண்டம் தாண்டியது.

“நின்னா போதுமா?” பாறையடியில் இருந்த வீட்டு வாசலிலிருந்து பாப்பாத்தி குரல் கொடுத்தாள். “அந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கு எப்பிடிப்பட்ட அரசாங்கம் வாச்சிருக்குது பாரு. எனக்கு வாச்சது நடுவழியில நின்னு மூச்சு வாங்குது.”

இந்த இடத்தில் செல்லமுத்து சும்மா இருந்திருக்கலாம். எங்கள் ஊரில் அப்படி எதுவும் இல்லை, அதனால்தான் சிக்னல் கீழே வேண்டும் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கீழ ஊரைவிட ஒரு மார்க்காவது கூட வாங்க வேண்டும் என்ற வெறி அவனைப் பிடித்து உலுக்கியது. அவன் ஒரே பாய்ச்சலில் பாப்பாத்தியைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டான்.

“எங்க ஊர்லயும் இருக்குதுங்க சார். பாருங்க!”

எங்கும் நிற்காமல் பாறை உச்சிக்கு ஏறினான். இறங்கினான். அலுவலர் போட்டோ சரியாக விழவில்லை என்றதும் மறுபடி ஏறினான். பாப்பாத்தி கல்யாணப் பெண்ணைப்போல கேமராவைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள். தீனதயாளன் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

“நகரும் படிக்கட்டு. மனித சக்தியில் இயங்குவது. மின்சாரச் செலவு இல்லை, புகை இல்லை. மெடலினில் இல்லாத சிறப்பு, பயணியின் வீட்டு வாசலிலிருந்தே ஏற்றிக்கொள்கிறது. நூற்றுக்கு நூறு.”

அன்று செல்லமுத்துவுக்கு முதுகு வலித்தது. வயிறு கொஞ்சம் குளிர்ந்திருந்தது.

முடிவு வந்தபோது பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். கீழ ஊர் ஜனங்களும் வந்திருந்தார்கள். வெங்கடேசனும் ஜெயசுதாவும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் செல்லமுத்து மீசையைத் தடவிக்கொண்டான். தீனதயாளன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“ஐரோப்பா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா என அனைத்து மண்டலங்களையும் மேல்கடுக்காம்பட்டி வென்றுவிட்டது! இனி இந்த ஊர் அடைய வேண்டியது எதுவும் இல்லை. முழுமை பெற்ற ஊர் என்று இதை அறிவிக்கிறேன். சிங்கப்பூர் போனவர்கள் இனி இங்கே வந்து கற்றுக்கொள்ளட்டும். குறிப்பாகச் சிலர் வரட்டும்.”

கைதட்டல் அடங்கியதும் செல்லமுத்து மேடையோரம் போய் நின்றான்.

“சார், கம்பம் எப்ப வருமுங்க?”

“கம்பமா? எதுக்கு?”

“கீழ ஊருக்கு வந்துச்சே...”

“அவங்க பார்சிலோனாகிட்ட தோத்துட்டாங்கப்பா. தோத்த ஊருக்குத்தான் கம்பம். அது ஆறுதல் பரிசு. நீங்க ஜெயிச்சவங்க. நகரும் படிக்கட்டே வெச்சிருக்கிற ஊருக்கு சிக்னலைக் கீழ இறக்கணும்னு நான் எழுதினா, ஆடிட்ல என்னைக் கேட்க மாட்டாங்களா?”

“அந்தப் படிக்கட்டு நான்தானுங்களே சார்?”

“அதான் பெருமை” என்று அவன் தோளைத் தட்டினார் தீனதயாளன். “நல்லா எண்ணெய் போட்டுப் பராமரிங்க. அடுத்த வருஷம் சரிபார்ப்பு உண்டு.”

வென்ற ஊருக்கு ஒரு நினைவுப் பீடம் உண்டு என்பது விதி. ஊரிலேயே உயர்ந்த இடத்தில் கட்ட வேண்டும் என்பது அடுத்த விதி. ஊரிலேயே உயர்ந்த இடம் பேச்சுப்பாறை. உச்சியில் நாலு பேர் நெருக்கி நிற்கும் இடம் முழுவதையும் சிமெண்ட் பீடம் விழுங்கியது. அதன்மேல் தகரப் பலகையில், ‘டிஜிட்டல் வசதிகளில் முழுமை பெற்ற ஊர்’ என்று எழுதி வைத்தார்கள்.

அடுத்த அரிசி நாளில் ரம்யா ஒரு கையால் பீடத்தைக் கட்டிப்பிடித்து, மறு கையால் மிஷினைத் தூக்கிப் பார்த்தாள். எம்பிப் பார்த்தாள். பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிப் பார்த்தாள். மிஷின் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது.

“செல்லமுத்து அண்ணே, சர்வர் போனா அரிசி போட முடியாது. மேலதிகாரிங்ககிட்ட கேக்கலாம்னாலும் போன் பண்ண எடமில்ல.”

ஊரே திரும்பிச் செல்லமுத்துவைப் பார்த்தது. “மெனக்கெட்டு ரெண்டு வாட்டி ஏறிக் காட்டுனியேப்பா!” என்றான் முனியன். “நடுவுல ஒரு தபா வழுக்கி வுழுந்திருந்தா நாம தோத்திருப்போமே. கம்பம் வந்திருக்குமே.”

வீட்டுப் பானையில் அரிசி அடியைத் தொட்டிருந்தது. ஒரே ஒரு வழிதான் பாக்கி. கீழ ஊர்க் கம்பம். வெங்கடேசன் ஊரில், வெங்கடேசன் பார்க்க, கையேந்தி நின்று விரல் வைக்க வேண்டும். அதற்குப் பதில் மரவள்ளியையே மூன்று வேளையும் தின்றுவிடலாம் என்று செல்லமுத்து சொன்னான். நீ தின்னு, நான் தின்ன மாட்டேன் என்று பாப்பாத்தி சொன்னாள். ஜீப் பாதை முடியும் இடத்தில் குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்து, ரம்யாவையும் மிஷினையும் பைகளையும் ஏற்றிக்கொண்டு மேல ஊர் கீழே இறங்கியது.

கம்பம் பளபளவென்று நின்றது. அடியில் வெங்கடேசன் நின்றிருந்தான். பக்கத்தில் ஜெயசுதா. வண்டியிலிருந்து பாப்பாத்தியை முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கிய செல்லமுத்து, சகலையின் முகத்தைப் பார்க்காமல் கம்பத்தின் உச்சியைப் பார்த்தபடியே நடந்தான். அந்த நேரம் பார்த்து, “பேங்ங்ங்! அன்பார்ந்த குடிமக்களே!” என்று அது அவன் காதிலேயே அலறியது.

ரம்யா தன் போனில் வைஃபையைத் தேடினாள். “ஆங், கெடச்சிடுச்சி. ரகசிய எண் அனுப்பியிருக்குதாம். அதப் போட்டாத்தான் தொறக்குமாம்.”

எல்லாரும் ரகசிய எண்ணுக்காகக் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது.

“எண்ணு எதுல வரும்?” என்றாள் ஆண்டாள்.

“போன்ல.”

“போனுக்கு எப்பிடி வரும்?”

“சிக்னல் இருந்தா வரும்.”

“சிக்னல் இருக்குதா?”

ரம்யா போனைத் தாழ்த்தினாள். பாப்பாத்தி புருஷனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“வெங்கடேசா, நீதான் தெனம் வீடியோ அனுப்புறியே. எப்பிடி தொறக்கறதுன்னு சொல்லிக் குடேன்.”

வெங்கடேசன் கம்பத்தைச் சுரண்டினான். “வீடியோ இங்கதான் எடுப்பேன் அண்ணி.”

“சரி, அனுப்பறது?”

“அனுப்பறது... வந்து...”

“இன்னா சகல, முழுங்கறே?” என்றான் செல்லமுத்து.

“உங்க பேச்சுப்பாறைக்குப் பின்பக்கம் சகல. உண்ணிச்செடிக்கு நடுவுல ஒரு தடம் இருக்குது, அது முடியற திட்டுல சிக்னல் கெடைக்கும். எங்க ஊரே அதுல ஏறித்தான் பேசும், ரேஷனுக்கு விரல் வெக்கும். உங்க ஊர்ல அரிசி போடற நாள்ல ஜெயசுதாவும் ஏறிடுவா. இந்தக் கம்பம் கூவறதோட சரி. தோத்த ஊருக்கு எது குடுத்தா இன்னான்னு குடுத்துட்டுப் போய்ட்டாங்க. உங்களுக்கு மட்டும் பாறை முன்பக்கம் ஜம்முனு இருக்குதேன்னு எனக்கு வயித்தெரிச்சல். அதான் வீடியோ போட்டேன்.”

பாறைக்குப் பின்னால் கிடக்கும் பீடித் துண்டுகளுக்கான பழியை இத்தனை காலமாகக் குரங்குகள்மேல் போட்டிருந்தது மேல ஊர். செல்லமுத்துவின் வயிற்றில் யாரோ ஒரு சொம்பு மோரை ஊற்றியதுபோல இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பாப்பாத்தி கீழே விழுந்துவிடுவாள் என்று அடக்கிக்கொண்டான்.

“பின்பக்கம் பீடம் கட்டலியே?” என்று மட்டும் கேட்டான்.

“இல்ல சகல. அவங்களுக்கு முன்பக்கம்தான் போட்டோ நல்லா வந்துச்சாம்.”

இரண்டு ஊரும் ஒன்றாகக் கிளம்பின. வெங்கடேசன் அரிவாளால் முள்ளை ஒதுக்கிக்கொண்டு முன்னே போனான். ரம்யா மிஷினோடு பின்னே போனாள். பின்பக்கத் தடம் முன்பக்கத்தைவிடச் செங்குத்து. செல்லமுத்து பாப்பாத்தியைச் சுமந்துகொண்டு, வேரைப் பிடித்து, கல்லைப் பிடித்து, பல்லைக் கடித்து ஏறினான். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சின்னத் திட்டு இருந்தது. அங்கே போனதும் ரம்யாவின் கையில் மிஷின் ‘கீ’ என்று உயிர் பெற்றது. பாப்பாத்தி முதுகில் இருந்தபடியே கட்டைவிரலை நீட்டினாள். மிஷின் அவளை அடையாளம் கண்டது. பில்லைத் துப்பியது. இந்த மாத அரிசி வந்துவிட்டது.

செல்லமுத்து அவளை மெல்ல இறக்கிவிட்டு, பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கினான். பாப்பாத்தி பில்லை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, பின்னாலேயே ஏறி வந்த தங்கையை முறைத்தாள்.

“ஏண்டி ஜெயசுதா, பேசறதுக்கும் விரல் வெக்கறதுக்கும் உம் புருசன் வந்தாரு. உங்கிட்ட போனே கெடையாது. நீ இன்னாத்துக்குடி எங்க ஊர்ல அரிசி போடற நாளாப் பாத்து இந்த முள்ளுல ஏறி வருவே? இங்க இன்னா தெரியுது உனக்கு?”

ஜெயசுதா இரண்டு பாறைகளுக்கு நடுவே இருந்த இடுக்கைக் காட்டினாள். அதன் வழியே பாறையின் முன்பக்கம், அடியிலிருந்து உச்சிவரை, ஒளிவுமறைவில்லாமல் தெரிந்தது.

“மாமா உன்ன முதுகுல தூக்கினு ஏறறது தெரியும்க்கா; ஊருக்கே கம்பம் வந்து இன்னா பிரயோசனம், இந்த மனுசன் என்ன ஒருநாளாச்சும் அப்பிடித் தூக்கியிருப்பாரான்னு கேளு!”